மூன்றாம் முறை எழுந்த கைதட்டல்

நண்பா,

நேற்று தல்லாகுளத்தில், மழையில் நனைந்த பந்தலுக்குள் நுழைந்தேன். ஈரத்துணியும் இரும்புக் குழாயும் கலந்த மணம் மூக்கில் ஏறியதும் இருக்கையில் அமர இயலவில்லை. நீ மறைந்துவிட்டாய் என்பதை மறந்து உன்னைத் தேடினேன்.

மேலூர் மேடையில் நாம் இருவரும் பேச இருந்த அந்தப் பழைய மாலையிலும் இதே மணம்தான். ஏறும் விரைவில் குறுக்குக் குழாயில் என் தலை மோதியது. குருதி இல்லை, மயக்கம் இல்லை. துண்டால் தேய்த்துவிட்டு ஒலிவாங்கியைப் பற்றினேன். "உழவன் கேட்பது இரக்கமன்று, உரிமை!" என்றேன். கைதட்டினார்கள். அதையே மீண்டும் சொன்னேன். மூன்றாம் முறை சொன்னபோது கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அடுக்கிச் சொல்வது நம் மேடை மரபு. எவருக்கு ஐயம் வரும்?

உனக்கு வந்தது. கபடியில் தலையில் அடிபட்ட உன் தம்பி ஒரே கேள்வியை நாள் முழுதும் கேட்டதைக் கண்டவன் நீ. எழுந்து வந்து ஒலிவாங்கியைப் பறித்தாய். நம் வட்டத்தில் அதைவிடப் பெரிய இழிவு உண்டா?

"என் பேச்சு மேல அம்புட்டுப் பொறாமையாடா?"

"ஆமா மாப்ள, வயிறு எரியுது. இது எந்த ஊருன்னு சொல்லு, மைக்கைத் தாரேன்."

"திருமங்கலம்" என்றேன், மேலூரில் நின்றுகொண்டு.

"அப்ப வண்டில ஏறு."

எதிர்வந்த விளக்குகள் கண்ணைக் குத்தின. மாட்டுத்தாவணி அருகே வாந்தி எடுத்தேன். தூங்கிவிடத் துடித்தேன், நீ விடாமல் பேச்சுக் கொடுத்தாய். மூளை குலுங்கியிருக்கிறது, நல்வேளையாகக் குருதிக்கசிவு இல்லை, இனி முழு ஓய்வு என்றார் மருத்துவர்.

ஊரோ உன்னைப் பொறாமைக்காரன் என்றது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எத்தனையோ முறை கொதித்தேன். "விடு மாப்ள. சனம் ஆசையாத் தட்டுன கை. அதைப் போயி நோயின்னா சொல்லுவ?" என்று சிரித்தே தடுத்தாய்.

உன் இரங்கல் கூட்டத்தில்தான் அந்த உண்மையைச் சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள்.

அன்றுமுதல் எந்த மேடையிலும் எனக்கு அமைதி இல்லை. எவரேனும் ஒரு வரியை மீண்டும் சொன்னால் அரங்கம் அதிர்கிறது. நான் மட்டும் எழுந்து மேடைப்படிக்கு அருகே போய், அவர் கண்களைப் பார்த்தபடி நிற்கிறேன். அடுத்த வரி புதிதாக வந்த பிறகே என் கைகள் தட்டுகின்றன.