அம்மா ஒளிச்சு வச்ச அஞ்சாவது பெட்டி

கண்ணு,

நான் நல்லா இருக்கேன், வேளைக்குச் சாப்பிடறேன், நீயும் அங்க அப்படித்தான் இருப்பன்னு நம்பறேன். இங்க மழை விட்டுடுச்சு. பம்ப் ஹவுஸ்ல புது மீட்டர் மாட்டியாச்சு, வேலைக்குக் குறைவில்ல. சாயந்தரம் வீட்டுக்கு வந்தா ஃபேனைப் போட்டுட்டு அப்படியே உட்கார்ந்திருக்கேன், அம்மா இந்த வயசுலயே போயிட்டாளேன்னு பக்கத்து வீட்ல உச்சுக் கொட்டறாங்க, எனக்கு அழுகைகூட வரல, நீ பயப்படாத.

போன்ல சொன்னியே, அந்த விஷயத்துக்கு வரேன். யாராவது ஒளிச்சு வச்சு வெப்சைட்ல இடம் குறிச்ச பெட்டியை நீயும் அம்மாவும் போனைப் பாத்துக்கிட்டே தேடி அலைவீங்களே, அந்த ஆட்டத்துல அம்மா ஒளிச்சு வச்ச அஞ்சு பெட்டியையும் பாத்துக்க ஆளில்லன்னா மாசக் கடைசில வெப்சைட்ல இருந்து தூக்கிடுவாங்க, எங்களோட ஆடற பல் டாக்டர்கிட்ட ஒப்படைச்சிடுங்கப்பான்னு சொன்ன. எனக்கு சுருக்குனு இருந்துச்சு. அஞ்சையும் முதல் ஆளா கண்டுபிடிச்சவர் அவர்தானாம். அம்மா காரியத்துக்கு வந்தப்பகூட, உங்க வீட்டம்மா ஒளிச்சு வைக்கறதுல கெட்டிக்காரங்க சார்ங்கறார். என் பொண்டாட்டி கெட்டிக்காரின்னு இவர் எனக்குச் சொல்றார்.

அந்த வீம்புலதான் ஞாயித்துக்கிழமை நானே கிளம்பினேன். நாலு கிடைச்சிடுச்சு. அஞ்சாவது, வெள்ளைக்காரன் காலத்து சுங்க ஆபீஸ்ல. பைப்லைன் அளக்கற ஜிபிஎஸ் கருவியையே தூக்கிட்டுப் போயி அம்மா குறிச்ச இடத்துல இம்மி பிசகாம நின்னேன், வெறும் முள்ளுச்செடி. என் கருவி சரி, அம்மா போன் காட்டினது சரியான்னு யோசிக்கல பாரு. வேற வழியில்லாம மறுநாள் டாக்டர்கிட்ட போனேன். வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்திருந்த ஆளை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தார். அவங்க போன் பத்தடி தள்ளிக் காட்டும் சார், எப்பவும் உட்கார வசதியுள்ள இடமாத்தான் வைப்பாங்க, உட்கார்ந்து தேடுங்கன்னு ஒரே பெருமை. இருபது வருஷம் குடும்பம் நடத்தினவன் நான், பல் பிடுங்கறவர் எனக்கு வகுப்பெடுக்கறார்.

இருந்தாலும் போனேன். வாசல்ல ஒரு கல் பெஞ்சு, உட்கார்ந்து கையைக் கீழ விட்டா பெட்டி. நிமிர்ந்தா நேர் எதிர்ல பம்ப் ஹவுஸ், நான் தினம் உட்கார்ற ஜன்னல். அங்க உட்கார்ந்து என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கா, ஒரு நாள்கூட வாயைத் திறக்கல. டாக்டருக்கு இது தெரியாது, அவர் பெட்டியைத்தான் பாத்திருப்பார். இருட்டற வரைக்கும் எழுந்திருக்க முடியல.

நாலு பெட்டியை அவருக்கே எழுதிக் கொடுத்துடறேன், அவரும் சந்தோஷமா இருக்கட்டும். அஞ்சாவது என் பேர்ல இருக்கும், அதை யாருக்கும் தரமாட்டேன்.

குளிர்ல காதை மூடிக்க, பரீட்சைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்காத. எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்பவும் உண்டு. அந்தப் பெட்டிக்குள்ள உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன், என்னன்னு சொல்லமாட்டேன். கண்டுபிடிக்கறவங்க எடுத்துக்கலாங்கறது உங்க ஆட்டத்து விதியாமே, லீவு விட்டதும் உடனே கிளம்பி வா, டாக்டர் முந்திடப் போறார்.

உன் அப்பா