பக்கவாட்டில் எத்தனை விரல்

இயேசு மரி சூசை துணை

மெட்டுகுடா,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

என் அன்பு மகன் தினேஷுக்கு அம்மா எழுதுவது. அங்கே அந்தக் குளிரில் நீயும் ஸ்ரேயாவும் பாப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று இப்போதுதான் மாதா முன்னால் முழங்காலிட்டுவிட்டு வந்தேன். இங்கே நானும் அப்பாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நடக்கிறோம், பார்க்கிறவர்களுக்கு நாங்கள் சுகம்தான். பார்த்தால் தெரியாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே அம்மா என்பாய். போன் எப்போதும் அப்பா கையில், எப்போதும் ஸ்பீக்கரில், நீ வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பினால் கூட அவர்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறார். பக்தவத்சலம் மாமா மகன் மாதவ் புதன்கிழமை உங்கள் ஊருக்குக் கிளம்புகிறான், எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் அவன் பையில் வைத்து அனுப்புகிறேன். ஊறுகாயை அப்புறம் திறந்துகொள், இதை முதலில் உட்கார்ந்து படி.

அப்பாவின் டிரைவிங் லைசென்ஸ் கதை உனக்குப் பாதி தெரியும், நீயும் அவரும்தான் போட்டி போட்டுக்கொண்டு படித்தீர்களே, அவர் இங்கே, நீ அங்கே. ரிட்டயர் ஆன நாளிலிருந்து அவருக்கு ஒரே பிடிவாதம், இத்தனை வருஷம் ரயிலை ஓட்டினேன், ஒரு தடவை கூட ஸ்டியரிங் திருப்பினதில்ல, சாவுறதுக்குள்ள திருப்பிப் பாத்துடணும் என்று. எல்.எல்.ஆர். பரீட்சைக்கு நான் சாம்பாருக்குத் தாளிக்கும்போது கூட பின்னாலேயே நின்று, இந்தப் போர்டுக்கு என்ன அர்த்தம் கேளு கேளு என்று உயிரை வாங்கினார். கம்ப்யூட்டரில் எல்லாக் கேள்விக்கும் சரியான பதில். நாற்பது தாண்டினவர்களுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமென்றார்கள், அங்கேயும் போர்டில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, இதைவிடச் சின்ன எழுத்து இல்லையா என்று கேட்டாராம். டாக்டர் சிரித்துவிட்டார். இன்ஜின் டிரைவர் கண்ணாச்சே என்று காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் டிரைவிங் ஸ்கூல் காரில் தினமும் காலையில் பழக்கம். சொல்லிக்கொடுக்கிற பையன் யாதகிரி, பக்கத்தில் உட்காருவான், அவன் காலுக்கடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நான் பின்சீட்டில். என்னை எதற்கு என்றா கேட்கிறாய், அசிஸ்டென்ட் வேண்டுமாம். ரயிலில் டிரைவர் சிக்னலைப் பார்த்து கையை நீட்டிச் சத்தமாகச் சொல்வார், அசிஸ்டென்ட் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் வண்டி போகும், அதை மெட்டுகுடா ரோட்டிலும் செய்தார். அவர் பச்சை என்பார், நான் பின்னாலிருந்து பச்சை என்பேன், அவர் சிவப்பு என்பார், நான் சிவப்பு. முதல் நாள் யாதகிரி சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கிற்று. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் இன்ஜினில் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது, இப்போதுதான் தெரிந்தது, சந்தோஷமாக இருந்தது எனக்கு.

அந்தச் சந்தோஷத்தில்தான் கோட்டை விட்டேன். வீட்டில் கதவு ஓரத்தில் தோளை இடித்துக்கொள்வார், கையருகில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார், பூசைக்குப் போனால் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் காலை மிதிப்பார். நான் ஏதாவது சொன்னால், டிரைவர் பார்வை நேரா இருக்கணும், இப்படி அப்படி திரும்பினா லைனை விட்டுடுவோம், அது சர்வீஸ்ல வந்த பழக்கம் என்பார். நாமும் அப்படியே நம்பிவிட்டோம். உன்னையும் அப்படித்தானே வளர்த்தார், காலனி சந்தில் நீ சைக்கிள் பழகும்போது, முன்னாடி பார்றா, முன்னாடி பார்றா என்று பின்னாலேயே ஓடி வருவார். நம் வீட்டில் பக்கத்தில் பார்க்காமல் இருப்பது ஒரு குறை என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

போன மாதம் தார்நாகா சிக்னலில் நடந்ததைச் சொல்கிறேன். பச்சை விழுந்தது. அவர் கையை நீட்டிப் பச்சை என்றார். இடது பக்கத்திலிருந்து இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் குறுக்கே இறங்கிக்கொண்டிருந்தாள், தப்பு அவளுடையதுதான், ஆனால் பின்சீட்டில் இருக்கிற எனக்கே தெரிகிறவள் ஓட்டுகிறவருக்குத் தெரியாமலா இருப்பாள் என்று நானும் பச்சை என்று சொன்னேன். வண்டி நேராக அவள்மேல் போயிற்று தினேஷ். யாதகிரி பிரேக்கை மிதித்தான், என் தலை முன்சீட்டில் மோதிற்று. அப்பா அவனைப் பார்த்து, எதுக்கு பிரேக் போட்டே, லைன் கிளியரா இருக்கே என்று கேட்டார். அந்தப் பெண் பானெட்டின் ஓரத்தில் கையை ஊன்றி நின்று தெலுங்கில் கத்துகிறாள், பிள்ளை அலறுகிறது, இவர் நேராக முன்னால் பார்த்தபடி, யாரு கத்துறது என்று என்னைக் கேட்கிறார். அவர் குரலில் கோபம் கூட இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். யாதகிரி, புதுசுல இப்படித்தான் அம்மா, டென்ஷன் நக்கோ, பயப்படாதீங்க என்றான். பிரேக்குக்குப் பழகாத கால் செய்த தப்பு என்று அவனுக்குத் தோன்றியிருக்கும்.

மேல் போர்ஷனில் நஸ்ரின் என்று ஒரு பெண் குடி வந்திருக்கிறாள், வாணியம்பாடிக்காரி, கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிற வேலை. அவளிடம் சொன்னேன். அவள் சாயங்காலம் பேச்சுக் கொடுக்கிற மாதிரி கீழே வந்து, அப்பாவுக்கு எதிரே நாற்காலி போட்டு, அங்கிள் என் மூக்கையே பாருங்க, நான் பக்கத்துல எத்தனை விரல் காட்டுறேன்னு சொல்லுங்க என்றாள். ஒரு கண்ணை மூடச் சொல்லி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவள் கை காதுக்கு நேரே இருந்தது, கொஞ்சம் முன்னே வந்தது, இன்னும் முன்னே வந்தது, அப்பா, இன்னும் நீ கையைத் தூக்கலையேம்மா என்றார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு விரலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் வெளியே வந்து, நான் டாக்டர் இல்ல அம்மா, சந்தேகம்தான், ஆனா க்ளாக்கோமா மாதிரி இருக்கு, நடுவுல பளிச்சுன்னு தெரியும், ஓரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்கும், போறது அவங்களுக்கே தெரியாது, போனது திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாத்த முடியும், உடனே கூட்டிட்டு வாங்க என்றாள். அதனால்தான் டாக்டரிடம் போர்டில் கடைசி வரி வரை அப்பாவால் படிக்க முடிந்திருக்கிறது. பார்த்துச் சொன்னவர் மேல் குற்றமில்லை.

அப்பா வரமாட்டேன் என்கிறார். அதற்குள் டிரைவிங் டெஸ்டும் பாஸ் பண்ணிவிட்டாரே. அந்த டிராக்கில் குறுக்கே வர யார் இருக்கிறார்கள், கோட்டுக்குள்ளே எட்டு போட வேண்டும், நேராக மேட்டில் ஏற வேண்டும், தண்டவாளத்தில் போகிற மாதிரி போய்விட்டு வந்தார். கவர்மென்டே குடுத்திருக்கு, நீ என்ன எனக்கு மெடிக்கல் டெஸ்ட் வைக்கிற என்று என்னைக் கேட்டார். கார்டு தபாலில் வந்துவிட்டது, மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கூட வேலை பார்த்தவரிடம் வாங்கின கார் வாசலில் நிற்கிறது. கிறிஸ்மஸுக்கு நீங்கள் வரும்போது அவரே ஏர்போர்ட்டுக்கு ஓட்டி வருவாராம், பேத்தியைத் தன் வண்டியில்தான் கூட்டி வருவாராம், இதைத்தான் காலையில் எழுந்ததும் பேசுகிறார். நான் சாவியை அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். இன்னொரு சாவி எங்கேயோ இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் நான் அப்பாவுக்காக மட்டும் எழுதவில்லை கண்ணு. நஸ்ரின் படியேறப் போனவள் திரும்பி வந்து, பிள்ளைங்க இருக்காங்களா அம்மா, இது குடும்பத்துல ஓடும், வயசு பாக்காம அவங்களுக்கும் பாத்துடணும் என்று சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அங்கே முதல் டெஸ்ட்டில் பெயிலானபோது, பக்கத்து லைன்ல வண்டி வந்ததைப் பாக்கலைன்னு போட்டுட்டாங்க என்றாய். இரண்டாவது தடவை, வலது பக்கம் சைக்கிள்காரன் எங்கிருந்தோ முளைச்சான் என்றாய். அப்பா ஸ்பீக்கரில் கேட்டுச் சிரித்தார், என் பையன்டா, முன்னாடி மட்டும்தான் பாப்பான் என்று. நானும் கூடச் சிரித்தேன். ஸ்ரேயா உன் கார் கண்ணாடி கராஜ் தூணில் உரசினதைச் சொன்னாள், அதற்கும் சிரித்தோம். போன வாரம் வீடியோவில் நீ என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது பாப்பா நடந்து வந்து உன் பக்கத்தில் நின்று கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். நான் அவளைத் திரையில் பார்த்தேன். அவள் உன் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நீ திடுக்கிட்டுத் திரும்பினாய். பயமுறுத்திட்டா என்றாய். அவள் ரொம்ப நேரமாக அங்கேதான் நின்றாள் தினேஷ்.

ஒன்றுமில்லாமல் இருக்கட்டும், நான் பைத்தியக்காரி என்று ஆகட்டும், அதைவிட எனக்கு என்ன வேண்டும். ஆனால் மூன்றாவது டெஸ்டுக்கு இப்போது போகாதே, அதற்கு முன்னால் கண்ணைக் காட்டு. சும்மா எழுத்துப் படிக்கச் சொன்னால் போதாது, பக்கப் பார்வை பார்க்கிற டெஸ்ட் தனியாக இருக்கிறதாம், அதைக் கேட்டு எடு. அது வரைக்கும் பாப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பழகப் போகாதே. அப்பாவிடம், எனக்குச் சந்தேகமா இருக்குன்னு டாக்டர் சொல்றார் அப்பா, உங்களுக்கும் பாத்தாதான் எனக்கு மருந்து முடிவு பண்ணுவாங்களாம் என்று சொல். தனக்கென்றால் அசைய மாட்டார், உனக்கென்றால் அந்த நிமிஷமே செருப்பை மாட்டுவார். இந்தப் பொய்க்குப் பாவசங்கீர்த்தனம் நான் செய்துகொள்கிறேன்.

ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. ஸ்ரேயாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பாப்பாவுக்கு இந்தப் பாட்டியின் முத்தம்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்கிறது. அந்த இன்னொரு சாவி கிடைத்துவிட்டது போல. நாச்சாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு, அசிஸ்டென்ட் ரெடியா என்று கூப்பிடுகிறார். போக வேண்டாம் என்றால் தனியாகப் போவார், தனியாகப் போனால் பக்கத்தில் பார்க்க ஆளில்லை. நான் முன்சீட்டில் இடது பக்கமாக உட்கார்ந்துகொள்கிறேன், என் காலுக்கடியில் பிரேக் கிடையாது, வாய்தான் இருக்கிறது. இனி அவர் பச்சை என்றால் ரெண்டு பக்கமும் பார்க்காமல் பச்சை என்று சொல்ல மாட்டேன்.

மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். இதை மடித்து வைத்ததும் ஸ்ரேயாவை எதிரே உட்காரச் சொல், அவள் மூக்கையே பார், பக்கவாட்டில் எத்தனை விரல் காட்டினாள் என்று போனில் எனக்கு ஒரு எண் மட்டும் சொல், அப்பாவுக்குப் புரியாது.

உன் வழியையே பார்த்திருக்கும் அம்மா,
லூர்துமேரி