செருப்பைக் கழற்ற வேண்டாம்

என்னங்க,

செருப்போடு உள்ளே வாருங்கள், தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு. சமையலறையில் நீங்கள் மாட்டிய கேமராவைச் சுத்தியலால் அடித்து நொறுக்கிவிட்டேன்.

காலையில் அக்காவிடம் போனில் அழுதுகொண்டிருந்தேன். ஆபீஸில் உட்கார்ந்தபடி அந்தக் கேமரா வழியாக, “அழுதது போதும், பால் பொங்குது பாரு” என்றீர்கள்.

முதல் அடியில் சில்லு தெறித்து என் உள்ளங்கை கிழிந்தது. ரத்தம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே, “ஏய், வாரண்டி போயிடும்டி!” என்று கத்தினீர்கள். அடுத்த பத்து அடியும் அந்த வார்த்தைக்குத்தான்.

உங்கள் போன் சொன்னால்தான் திறக்கும் வாசல் பூட்டையும் உடைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். கதவைத் தள்ளினால் போதும்.

சோறு ஃபிரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். நான் அக்கா வீட்டில் இருப்பேன்.

பி.கு: சுத்தியல் என் பையில்தான் இருக்கிறது. என்னைக் கூப்பிட வருவதானால், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.