மாப்பலகையில் மூன்று வசனம்

இயேசு மரி சூசை துணை

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.
12-5-58

அன்புள்ள மகன் அம்புறோசுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், பொலன்னறுவையில் நீயும் அப்படியே இருக்க அவளையே கேட்கிறோம். கடித உறையில் விலாசத்தை இனிச் சிங்களத்தில் எழுதச் சொன்னாய், ஏனென்று சொல்லவில்லை, நானும் கேட்காமல் பேக்கரிப் பியதாசவிடம் போய்ப் படிக்கத் தொடங்கினேன், அதிலே எனக்கு வந்த வெட்கத்தைக் கேள். பாணுக்கு மா குழைக்கிற பலகையில் அவர் விரலால் எழுதிக் காட்ட நானும் எழுதினேன், பாண் வாங்க வந்த ஜசிந்தா எட்டிப் பார்த்து, "என்ன சவிரிமுத்தண்ணை, முறுக்குப் பிழியிறியளோ" என்றாள், கடை முழுக்கச் சிரிப்பு. பியதாச மட்டும் சிரிக்கவில்லை. "வலை இழுத்த கையல்லோ, மெல்லத்தான் வளையும்" என்றார், அவருடைய தமிழ் என் தமிழைவிடச் சுத்தம்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், ஆனாலும் தமிழில் பேனாவை எடுத்தால் நாக்குப் போகிற வழியே கையும் போகும், அம்மா போதுமென்றால்தான் நிற்கும். சிங்களத்தில் அது ஏலாது. நினைத்ததை எழுத வராது, எழுத வருவதைத்தான் நினைத்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். இவ்வளவு நாளில் எனக்கு வந்தது மூன்று வசனம். நான் சுகம். மழை இல்லை. வேலை இருக்கிறது.

போன கிழமை உன் கடிதம் வந்தது, அம்மா கேட்க நான் வாசித்தேன். நான் சுகம், மழை இல்லை, வேலை இருக்கிறது. "மிச்சம் எங்கை" என்று அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எட்டு வயதில், கோயில் மணிக்கயிற்றை ஆட்டுக்கடா தின்ற கதையை மாமாவுக்கு இரண்டு பக்கம் எழுதின பிள்ளை நீ, அதை உனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. உனக்குத் தமிழ் மறந்திருக்காது. அப்படியிருக்க, என் சிங்களத்தைப்போல நீ தமிழ் எழுதினால் நான் என்னத்தை நினைக்கிறது.

இங்கே பஸ்ஸின் இலக்கத் தகட்டில் சிங்கள எழுத்துக்குத் தார் பூசினார்கள், அங்கே தமிழ்ப் பலகைகளுக்குப் பூசுகிறார்களாம். முந்தநாள் பியதாசவின் கடைப் பலகையிலும் சிங்கள வரியைத் தார் மூடிவிட்டது. எழுத்துப் பழக எத்தனை காலம் எடுக்கிறது, தார் பூச ஒருத்தருக்கும் பழக்கம் தேவையில்லை மகன். நேற்று அவர் பாண் சுடுகிற போறணையை மூட்டவேயில்லை.

கந்தோர் வேலை விட்டால் நேரே நீ வாடகைக்கு இருக்கிற சிங்கள மாத்தையா வீட்டு அறைக்குப் போய்விடு. தெருவில் தமிழ்ப் பேப்பரை விரித்து வாசியாதே. இனி எழுதும்போது இரண்டு பக்கத்துக்குக் குறையாதே, பொய்யென்றாலும் நீட்டி எழுது, உண்மையை நான் பொறுக்கிக்கொள்வேன். அந்தோனியார் உன் பக்கத்திலேயே நடந்து வரட்டும்.

இப்படிக்கு,
முறுக்குப் பிழியும் அப்பா
ம. சவிரிமுத்து

பி.கு. ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். பியதாச நாளைக்குத் தன் ஊருக்குப் போகிறார். "கடைசியாய் ஒரு வசனம் எழுதித் தாறன், எது வேணும் அண்ணை" என்று கேட்டார். பாண் இல்லாத கடையிலும் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கு மழை வரும் எண்டு எழுதித் தாரும்" என்றேன். உன் வீட்டுக்கார மாத்தையாவுக்கு என் கையால் எழுதி அனுப்பவென்று நான் கேட்க நினைத்துப் போன வசனம் அதல்ல, இது: இவன் என் பிள்ளை, தட்டினால் கதவைத் திறந்து உள்ளே எடுங்கள்.