ஜெசிந்தாவைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள்

2009 ஓகஸ்ட் 11, செவ்வாய்

வெயார்ஹவுசில் ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுபோய்ச் சாமான் அடுக்கும் இறாக்கையில் இடித்துவிட்டேன். ஒருவருக்கும் காயமில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண் மூடியிருக்கிறது. டொக்டரிடம் துண்டு எழுதி வாங்கி வந்தால்தான் இனி வேலை என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போலக் கேட்டார்: "தம்பி, தங்கச்சியின்ர செய்தி ஏதும் வந்ததோ?"

"இல்லை அம்மா."

செய்தி ஜூனிலேயே வந்துவிட்டது. முள்ளிவாய்க்காலில் தங்கச்சி ஜெசிந்தாவோடு ஒரே பங்கரில் இருந்த பெண் முகாமிலிருந்து போன் எடுத்துச் சொன்னாள். கண்ணால் கண்டவள். என் மனைவி அன்ரனெற்றுக்கு மட்டும் தெரியும். அவளுக்கும் நான் வாயால் சொல்லவில்லை. போனை அவள் கையில் கொடுத்தேன்.

ஓகஸ்ட் 20

டொக்டர் துண்டோடு நித்திரைக் குளிசையும் ஒரு மனநலக் கவுன்சிலரின் நம்பரும் தந்தார். குளிசை நல்லது. கேள்வி கேட்காது.

செப்ரெம்பர் 8, செவ்வாய்

கவுன்சிலர் ஒரு வெள்ளைக்காரப் பெடியன். நல்லவன். எங்கள் நாடு இந்தியாவுக்குள்ளேயா இருக்கிறது என்று கேட்டான். படம் கீறிக் காட்டினேன். ஆமி, ஷெல், முகாம் எல்லாம் விளக்கி முடிய நேரமும் முடிந்தது. மூச்சை எப்படி இழுத்து விடுவதென்று காட்டித் தந்தான்.

பஸ்ஸில் யோசித்தேன் — நான் வைத்தியத்துக்குப் போனேனா, படிப்பிக்கப் போனேனா?

செப்ரெம்பர் 24, வியாழன்

வோபர்ன் பக்கத்தில் ஒரு தமிழ்க் கவுன்சிலர், குணவதி. "நீங்கள் எனக்கு ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை அண்ணை. ஆறுதலாச் சொல்லுங்கோ." அதைக் கேட்டதே பாதிச் சுகம்.

தங்கை முள்ளிவாய்க்காலில் இருந்தவள் என்றேன். அவ்வளவுதான். குணவதியின் கண் நிரம்பிவிட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ... என்ர தம்பியும் அங்கதான்."

எழும்பிப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். மிச்ச நேரம் அவருடைய தம்பியைப் பற்றிக் கதைத்தோம். பாவம். அந்த மனுசியின் தலையில் என்னுடையதையும் எப்படி இறக்குவது?

ஒக்ரோபர் 6

குணவதி போன் எடுத்தார். "அண்டைக்கு நடந்தது சரியில்லை அண்ணை. வேற ஒராளிட்டப் போங்கோ. சீமோன் எண்டு பேர். தமிழ் தெரியாது, ஆனாப் போய்ப் பாருங்கோ."

வேண்டாம் என்றேன். திரும்பவும் முதலிலிருந்தா? ஏலாது. களைச்சுப்போனன்.

அன்ரனெற் கேட்டுக்கொண்டு நின்றாள். "ஒரு சோடி சப்பாத்துக்கு நாலு கடை ஏறி இறங்குவியள். இதுக்கு மட்டும் ரெண்டோட முடிஞ்சுதோ?"

நவம்பர் 12, வியாழன்

போனேன். அன்ரனெற்றின் வாய்க்காகத்தான்.

சீமோன் ஹெயிட்டியில் பிறந்தவர், நரைத்த தலை. போரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. யாரைப் பற்றிக் கதைக்க வந்தீர்கள் என்றுதான் கேட்டார். பெயரைச் சொன்னேன். சரியாகச் சொல்கிறேனா என்று திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு, அவளுக்கு என்ன நடந்தது என்றார்.

"மை சிஸ்டர் இஸ் டெட்."

என் வாய்தான் சொன்னது! தமிழில் தொண்டையோடு நின்றுவிடுகிறது, ஆங்கிலத்தில் வந்துவிட்டது. சீமோன் அழவில்லை. மூச்சுப் பழக்கவும் இல்லை. நான் அழுது முடியும்வரை கூடவே இருந்தார்.

அடுத்த கிழமைக்கும் நேரம் கேட்டு வாங்கினேன். நானாகத்தான்.

நவம்பர் 26

இந்தச் செய்தி இன்னும் யாருக்குப் போகவேண்டும் என்று சீமோன் கேட்டார். அம்மாவுக்கு என்றேன். போய்ச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று.

டிசெம்பர் 13, ஞாயிறு

கோயிலால் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது அம்மா அதே கேள்வியைக் கேட்டார்.

"வந்தது அம்மா. ஜெசிந்தா செத்துப்போனாள். ஜூனிலயே எனக்குத் தெரியும்."

அம்மா என் நெஞ்சில் அடித்தார். "பொய் சொல்லாத! தெரிஞ்சுகொண்டே ஏன்ரா என்னை நெடுகக் கேக்க விட்டனி?"



இருட்டும்வரை அழுதார். நான் எழும்பிப் போகவில்லை.

டிசெம்பர் 17, வியாழன்

அம்மா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. ஜெசிந்தாவின் ஆத்துமத்துக்குப் பூசை கேட்கச் சொல்லி அன்ரனெற்றிடம் சொல்லி அனுப்பினார். கோயில் ஃபாதருக்குப் போன் எடுத்தேன். யாருக்கு என்று கேட்டார்.

"என்ர தங்கச்சிக்கு, ஃபாதர். செத்துப்போனாள்."

சொல்லி முடித்தேன். சனிக்கிழமை பூசை.

பின்னேரம் சீமோனிடம் போய் வந்தேன். மேசையில் எனக்குச் சோறு போட்டு மூடி வைத்திருந்தது. அன்ரனெற்றைப் பார்த்தேன். தானில்லை என்று தலையாட்டி, அம்மாவின் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.