கொரினுக்கு எந்தப் புத்தகம்

நவம்பர் 27, வியாழன்

நன்றி நவில்தல் நாள் விருந்தில் வான்கோழி வறண்டு போயிருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, குழம்பை மட்டும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டார்கள். சாப்பிட்டதும் வழக்கம்போல் தொப்பியில் சீட்டுப் போட்டு எடுத்தோம், கிறிஸ்துமஸுக்கு யார் யாருக்குப் பரிசு தருவது என்று. எனக்கு வந்த சீட்டில் கொரின். என் மகள். இந்த மாதம் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். உப்பு என் கைப்பக்கம் இருந்தது. 'அப்பா, அதைக் கொடுங்க' என்று கேட்க மனமில்லாமல் எழுந்து சுற்றி வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

தொப்பியைக் குலுக்கியது மார்லா. இவ்வளவு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இது தானாக நடந்தது என்று நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா?

நவம்பர் 29

நான் என்ன தப்பு செய்துவிட்டேன்? ஊர் நூலகத்துக்கு வரி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று ஓட்டுப் போட்டேன், வரியும் தோற்றது. தேவாலயத்து நண்பன் ஹார்லன் எழுதிய மனுவில் கையெழுத்தும் போட்டேன். நம் காசில் நடக்கிற நூலகத்தில் நம் பக்கத்து, பழமைவாதப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது என்று அதில் இருந்தது. அங்கே கொரின் வேலை பார்க்கிறாள் என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? ஓட்டு வரிக்கு எதிராகத்தான். அவளுக்கு எதிராக இல்லை. இந்தச் சின்ன வித்தியாசம் படித்த பெண்ணுக்குப் புரியாதா!

சரி. ஒரு நல்ல பழமைவாதப் புத்தகமாகப் பார்த்து அவளுக்குக் கொடுக்கப் போகிறேன். படிக்கட்டும். அப்பனை ராட்சசன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளே, படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மார்லாவிடம் சொன்னேன். பாத்திரம் துடைத்துக்கொண்டே, "நூலகத்தப் பூட்டுன கையால நூலகக்காரிக்கே புத்தகமா? நல்லாருக்குங்க" என்றாள்.

டிசம்பர் 3

கிராண்ட் ராப்பிட்ஸ் புத்தகக் கடை. நம் பக்கத்துப் புத்தகங்களுக்கென்று தனி மேஜை போட்டிருந்தார்கள். அட்டைக்கு அட்டை கொடி, கைகளைக் கட்டிக்கொண்டு முறைக்கிற ஆள். எல்லாரும் என்னையே முறைப்பதுபோல் இருந்தது. மூன்று எடுத்தேன்.

பணம் வாங்கிய பெண் சிரித்தாள். "அப்பாவுக்குங்களா? இதெல்லாம் எல்லாரும் அப்பாவுக்குத்தான் வாங்குறாங்க."

"மகளுக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. ஏன், மகளுக்குக் கொடுக்கக் கூடாதா?

டிசம்பர் 6

தொலைக்காட்சியில் கத்துகிறவன் எழுதியதை முதலில் எடுத்தேன். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் நூலகக்காரர்களைப் பற்றி ஒரு அத்தியாயம். குழந்தைகளைக் கெடுக்கிறவர்களாம், நாட்டின் விரோதிகளாம், ஓட ஓட விரட்ட வேண்டுமாம்.

பனிப்புயலில் பள்ளிக்கூடம் மூடினால் நூலகத்தில் வந்து ஒதுங்குகிற பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து சூப் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் என் மகள். அவளைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. இவன் யார்? என் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தெரியும்? முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு கத்துகிற பயல்!

புத்தகம் கார் கொட்டகையில், பெயின்ட் டப்பாவுக்கு அடியில்.

டிசம்பர் 9

அரசியல் சாசன வரலாறு. செங்கல் கனம். இதைக் கொடுத்தால் அது பரிசு இல்லை, தண்டனை.

டிசம்பர் 11

மூன்றாவது, குடும்பம் பற்றியது. பெண் வீட்டில் இருந்தால் நாடு உருப்படும் என்கிறான். மார்லா கண்ணில் படுவதற்குள் மறைத்தேன்.

டிசம்பர் 13

ஹார்லன் போன் செய்தான். தேவாலயத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரன், மனு எழுதியவன். சும்மா இருக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"அந்த டிவிக்காரன் எழுதுனதக் குடுடா. சூடு போட்டாத்தான் இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு உறைக்கும்."

"என் புள்ளைக்குச் சூடு போட நீ யாருடா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன். கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. எல்லார் மேலும்தான்.

டிசம்பர் 14

எந்தப் புத்தகம் என்று பிடிபட்டுவிட்டது! எனக்கே முன்னால் தோன்றியிருக்க வேண்டும். டகோட்டா நீதிபதி ஒருவர் எழுதியது, வாலிபத்தில் படித்தேன். சின்ன அரசாங்கம், பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்த வாக்கு, கடன் இல்லாமல் வாழ்வது — அவ்வளவுதான். ஒரு இடத்திலும் கத்தல் இல்லை. நான் நம்புகிறதெல்லாம் அதில் இருக்கிறது. எனக்குச் சொல்லத் தெரியாமல் போனதும் இருக்கிறது. கடையில் இல்லை, வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 20

புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில்: 'நான் இதுதான். அப்பா.'

மேலே அறையில் மார்லா போனில். மினசோட்டாவில் கொரினுக்கு வேறு வேலை கிடைத்திருக்கிறதாம். இங்கே பாதிச் சம்பளம்தான் என்று சொல்லிவிட்டார்களாம். போகப் போகிறாளாம். அம்மாவுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியக் கூடாது. நான் இந்த வீட்டில் யார்? வீட்டைச் சூடாக்கும் உலையை ரிப்பேர் பார்க்க வந்தவனா?

டிசம்பர் 25

காகிதத்தைப் பிரித்தாள். அட்டையைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்து எவ்வளவு நாள்!

"அப்பா, இத நான் படிச்சிருக்கேன்."

"எங்க?"

"நூலகத்துலதான். உள்ள வந்ததும் வலது பக்கம். நான்தான் வாங்கி வெச்சேன். உங்களுக்குப் பிடிக்கும்னு நெனச்சுத்தான் வாங்கினேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நாலு வருஷமா இருக்குப்பா. இந்த ஊர்ல ஒருத்தரும் எடுத்துட்டுப் போகல."

மார்லா வெட்டிய பாதாம் ரொட்டி யார் தட்டிலும் குறையவில்லை.

"நீ சொல்லியிருக்கலாமே" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீங்க ஒரு தடவ உள்ள வந்திருக்கலாமே."

பிறகு முதல் பக்கத்தைப் பார்த்தாள். நன்றி என்றாள். புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நான் போய் உலையைச் சரிபார்த்தேன். உலை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 26

ஹார்லனுக்கு நானே போன் செய்தேன். "மனு எழுதுறதுக்கு முன்னாடி நூலகத்துக்குள்ள போய்ப் பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானேடா."

எல்லாருக்கும் தெரிந்த விஷயம்! போனை உடைக்காததுதான் பாக்கி. ஆனால் கையெழுத்துப் போட்டபோது நான் மட்டும் போய்ப் பார்த்தேனா?

ஜனவரி 5

குளிர் கடுமை. ஊரெல்லாம் உலை பழுது, எனக்கு வேலைக்கு மேல் வேலை. கொரின் மாதக் கடைசியில் கிளம்புகிறாள்.

ஜனவரி 17, சனி

அவள் போவதற்குள் ஒரு முறை உள்ளே போய்விட வேண்டும் என்று இருந்தது. இன்றுதான் வேலை இல்லை. தேவாலயத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டேன். அவளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. 'வலது பக்கம் எங்கம்மா' என்று கேட்டுக்கொண்டு நுழைந்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

கதவு பூட்டியிருந்தது. உள்ளே இருட்டு. கண்ணாடியில் ஒரு தாள், கொரினின் கையெழுத்து. நிதி இல்லாததால் இனிச் சனிக்கிழமை கிடையாது, மன்னிக்கவும்.

கையில் குழந்தையோடு ஒரு அம்மாள் வந்தாள். கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள், தாளைப் படித்தாள். "எந்தப் புண்ணியவானுங்க ஓட்டுப் போட்டுப் பூட்டுனானுங்களோ, நல்லாவே இருக்க மாட்டானுங்க" என்றாள், என்னைப் பார்த்து.

நானும் அவளோடு சேர்ந்து திட்டினேன். அவளைவிடச் சத்தமாகத் திட்டினேன்.