பட்டாள வண்டிக்கு எலுமிச்சம்பழம்

என் சண்டைக்கார அம்மாவுக்கு,

நீ போன பிறகு முதல் முறையாக ஒரு கப்பலுக்கு வண்டி ஏற்றினோம். அங்கே நடந்த கூத்தை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிரிக்காமல் கேள். சரி, சிரித்துக்கொண்டேதான் கேளேன்.

நான் பிரான்சுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்ததிலிருந்தே உனக்கு என் வேலையின் மேல் ஒரு நக்கல். "பட்டாளம்னா துப்பாக்கி தூக்கினு ஓடுவாங்கன்னு பாத்தா, நீ இன்னாடி கல்யாண மண்டபத்து வாசல்ல நிக்கறவன் மாதிரி வண்டிக்குக் கை காட்டினு கீற?" என்பாய். உண்மைதான். வெளிநாட்டுக்குப் படை கிளம்பும்போது லாரி, ஆம்புலன்ஸ், கவச வண்டி எல்லாவற்றையும் கப்பலின் வயிற்றுக்குள் பின்பக்கமாக ஏற்ற வேண்டும். அப்போதுதான் போய்ச் சேர்ந்ததும் நேராக வெளியே ஓட்டி வரலாம். ஓட்டுகிறவர் கண்ணாடியில் என் கைகளை மட்டும் பார்ப்பார். நான் கையை மடக்கினால் அவ்வளவு பெரிய வண்டியும் நின்றுவிடும். அதில் எனக்கு இருக்கும் திமிர் உனக்குத் தெரியும்.

தாத்தா அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா, அதாவது சிப்பாய். அதனால் நம் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. எனக்கு வேலை கிடைத்ததும் அப்படித்தான். ஆனால் பொண்ணு பட்டாளத்துக்குப் போனது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு என் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீ போனை நீட்டினால் "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். மற்றதையெல்லாம் கேட்டவள் நீ.

கேட்டதோடு விட்டாயா? நான் கப்பல் என்று சொன்ன மறுநாளே பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணனின் டிராக்டரை வாசலில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கி ஓட்ட வைப்பாய். "என் வண்டிக்குப் பூஜை போட்டா அங்க பிரான்சுல எப்படி அக்கா வேல செய்யும்?" என்று அவர் கேட்டாராம். "சக்கரம்னா எல்லாம் சக்கரம்தான், ஏறி ஒக்காருடா" என்றாயாம். இதை அவர் எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

இந்த முறை நானே செல்வம் அண்ணனைக் கூப்பிட்டேன். டிராக்டர் பாகூரில் பட்டறையில் கிடக்கிறது என்றார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இனி நான் கப்பல் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, நம் ஊர் அபிஷேகப்பாக்கத்தில் யார் எனக்காகக் காத்திருக்கப் போகிறார்கள்? அந்த நினைப்புதான் என்னை அரித்தது.

கடையில் எலுமிச்சம்பழம் வாங்கினேன். காலையில் யாரும் வருவதற்கு முன், துறைமுகத்தில் வரிசையாக நின்ற எங்கள் வண்டிகளின் சக்கரத்துக்கடியில் ஒவ்வொன்றாக வைத்தேன். ஓட்டுநர்கள் வந்து வண்டியை நகர்த்தியதும் எல்லாம் நசுங்கின. மனசு நிறைந்துவிட்டது.

நான் ஒன்றை மறந்துபோனேன் அம்மா. போகிற நாட்டில் வெளி மண்ணையும் விதையையும் உள்ளே விடமாட்டார்கள். அதற்காகத்தான் நாங்கள் வாரம் முழுக்க வண்டிகளைக் கழுவி, டயர் பள்ளத்தில் இருந்த சேற்றைக்கூட நோண்டி எடுத்திருந்தோம். சோதிக்க வந்த அதிகாரி டார்ச்சோடு குனிந்தார். நிமிரும்போது அவர் விரல் நுனியில் ஓர் எலுமிச்சை விதை.

"இது எப்படி வந்தது?" என்றார். உன் வழக்கத்தைச் சொன்னேன். எங்கள் குழுத் தலைவி லூசி என்னையே பார்த்தாள். "எல்லா வண்டிக்குமா வைத்தாய்?"

"எல்லாவற்றுக்கும்."

மாலையில் கப்பல் கிளம்பிவிடும். அதற்குள் கழுவி முடிக்காவிட்டால் எங்கள் வண்டிகள் கரையிலேயே நிற்கும். லூசி திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "உன் அம்மாவுக்கு எத்தனை வண்டி என்று கணக்கே கிடையாதா?" என்று தண்ணீர்க் குழாயை எடுத்தாள். மொத்தக் குழுவும் இறங்கியது. ஒருவன் என்னைக் கிண்டல் செய்தே ஒரு பாட்டுக் கட்டினான். அதில் உன் பெயரும் வருகிறது. நனைந்து, சிரித்து, வயிறு வலிக்க விதை பொறுக்கினோம். மறுசோதனையில் ஒரு குறையும் இல்லை. கடைசி வண்டிக்கும் நான்தான் கை காட்டினேன்.

கப்பலுக்குள் வண்டிகளைச் சங்கிலி போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அப்பா! செல்வம் அண்ணனுக்கு நான் அனுப்பிய கதை அவர் காதுக்குப் போயிருக்கிறது.

"இன்னாடி, எலுமிச்சம்பழத்த வச்சிக் கப்பலையே நிறுத்திட்டியாமே?"

"நிக்கலப்பா. எல்லாம் ஏறிடுச்சு. இப்ப கட்டிக்கினு கீறோம்."

"குறுக்கால போட்டுக் கட்டு. வைக்கோல் லோடே அப்பதான் ஆடாது" என்றார்.

என் வேலையைப் பற்றி அவர் பேசி எத்தனை வருடம் அம்மா! குறுக்காகத்தான் கட்டியிருந்தேன். இருந்தும் "சரிப்பா" என்று ஒவ்வொன்றையும் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் நீ எப்போதும் இருந்தாய். நீ இல்லாத இடத்தில் அவர் தட்டுத்தடுமாறி வந்து நிற்கிறார். தானே ரசம்கூட வைக்கிறாராம். வாயில் வைக்க முடியவில்லை என்று செல்வம் அண்ணன் சொன்னார்.

வண்டிகளோடு நானும் கப்பலில் போனேன். போய்ச் சேர்ந்ததும் எங்கள் வண்டிகள் ஒரு கீறல்கூட இல்லாமல் ஒவ்வொன்றாக வெயிலுக்குள் இறங்கின. கரையில் நின்று அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அப்பா, எல்லா வண்டியும் பத்திரமா எறங்கிடுச்சு."

"வண்டி கெடக்குது. நீ எறங்கிட்டியா?"

இனி எந்தக் கரையில் கால் வைத்தாலும் அவரைத்தான் முதலில் கூப்பிடுவேன் அம்மா. அவரை ஒருநாளும் காக்க வைக்கமாட்டேன்.

உங்கள் இருவரின் பொண்ணு,
மீனா